நால்வரா, நான்கா

மனிதக் கருவைப் பற்றி யாரும் அவசரப்பட்டு முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த நகரத்தில் ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு நோக்கத்தில் குழு முழு வெற்றி பெற்றது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமைக்கப்பட்ட நாளிலிருந்து அங்கே யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை.

குழுவின் முழுப்பெயர் ‘மனித உயிர்த் தொடக்கநிலைப் பொருள்சார் அறநெறிப் பரிசீலனை உயர்மட்டக் குழு’. பெயர்ப்பலகையில் இடம் போதாமல் ‘பரிசீ’ என்பதோடு எழுத்து நின்றுவிட்டது. வாசல் காவலாளி சுருக்கமாக ‘உயர்மட்டம்’ என்பார். மூன்றாவது மாடியில் இருந்ததால் அது பொருத்தமாகவும் இருந்தது. கட்டடத்தில் லிப்ட் உண்டு. அதற்குள் பழைய கோப்புகளைக் கூரை வரை அடுக்கிவிட்டதால் ஆட்கள் படியேறிப் போக வேண்டும்.

அந்தப் படிகளில் ஒரு நாள் காலை ஒரு பஸ் டிரைவரும் காவலாளியும் ஒரு சக்கர நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நாற்காலியில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“ரைட், ரைட், போலாம்” என்றாள் அவள், கண்டக்டர் குரலில். காவலாளிக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவப் பார்த்தது.

அவள் மின்தடைப் புகார் மையத்தில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தவள். கரண்டு போன ஆத்திரத்தில் கத்துகிறவர்களையும் நாலு வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவாள் என்று பெயர். கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. இருவரும் கருத்தரிப்பு மருத்துவமனைக்கு நடையாய் நடந்தார்கள். இரண்டு முறை கருவை உள்ளே வைத்தார்கள், இரண்டு முறையும் தங்கவில்லை. மீதி நாலு கருக்களை மெல்லிய குழாய்களில் அடைத்து, நைட்ரஜன் தொட்டிக்குள் உறையவைத்தார்கள். மூன்றாவது முறைக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவள் கையிலிருந்து ரிசீவர் நழுவ ஆரம்பித்தது.

நரம்பு மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். மருந்து இல்லை என்பதையும் சொன்னார். “தசையை அசைக்கிற நரம்புங்க ஒவ்வொண்ணா சாகும். ஆனா புத்தி கடைசி வரைக்கும் தெளிவா இருக்கும்மா.”

“அதைக் கெட்ட செய்தியில சேர்த்துக்கங்க டாக்டர்” என்றாள் அவள்.

இனி கர்ப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போதுதான் அதே கருத்தரிப்பு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஒரு பெண் டாக்டர் இந்த நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார் என்று யாரோ சொன்னார்கள். கருவிலிருந்து எடுக்கும் செல்களை நரம்பு செல்களாக வளர்த்து, அவை எப்படிச் சாகின்றன, எந்த மருந்து அதைத் தடுக்கும் என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. அவரைப் போய்ப் பார்த்தார்கள்.

“இதால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது” என்றார் ஆராய்ச்சி டாக்டர். “முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் நீங்க என்னைத் திட்டக் கூடாது.”

“எனக்கில்ல டாக்டர். அடுத்து ஒருத்தி வருவா இல்ல, கையில இருக்கறதைக் கீழ போட்டுட்டு? அவளுக்கு.”

டிரைவர் மறுநாள் ஷிப்ட் முடித்து வந்து அவளுக்குச் சோறு ஊட்டும்போது கேட்டான்.

“குடுத்துட்டா, அந்த நாலும் என்ன ஆவும்?”

“இருக்காது.”

“இருக்காதுன்னா?”

“இருக்காதுன்னா இருக்காதுதான். அதைப் பிரிச்சுத்தான் செல்லு எடுக்கணுமாம்.”

அவன் அடுத்த வாய் எடுக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் பேரு வெச்சிருக்கேன்” என்றான்.

“எதுக்கு?”

“அதுங்களுக்கு. மனசுக்குள்ள.”

“நாலுக்குமா?”

“நாலுக்கும்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையே.”

“தங்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

“அப்ப குடுக்க வேணாமா?”

“நீ சொல்லு.”

“நான் சொன்னா நீங்க தலையாட்டிடுவீங்க. அப்புறம் நான் போன பிறகு தனியா உக்காந்து அழுவீங்க. எனக்கு அது வேணாம். எனக்கும் நிச்சயமாத் தெரியலைங்க. உசுரான்னு கேட்டா, ஆமான்னுதான் தோணுது. அடுத்தவளுக்கும் உசுருதானேன்னு கேட்டா, அதுக்கும் ஆமான்னுதான் தோணுது. நீங்க யோசிங்க. வண்டி ஓட்டும்போது மட்டும் யோசிக்காதீங்க.”

அவன் வண்டி ஓட்டும்போதுதான் யோசித்தான். அவனுக்கு வேறு நேரம் கிடையாது. ஒரு வாரம் கழித்துச் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னான்: “தொட்டியில கெடந்தா அதுங்க ஒண்ணும் ஆகப்போறதில்ல. குடுத்தா ஒரு விஷயமாவாவது ஆவும். குடுத்துடலாம்.”

“அழறீங்களா?”

“வெங்காயம்.”

“வெங்காயத்தை இன்னும் நீங்க எடுக்கவே இல்லையே, டிரைவர் சார்.”

இப்படி அந்த விஷயம் அவர்கள் வீட்டில் பேசித் தீர்க்கப்பட்டது. ஆனால் கருவைக் கொடுக்கவும் வாங்கவும் குழுவின் அனுமதி வேண்டும். வீட்டில் பேசிய பேச்சுக்கு அங்கீகாரம் கிடையாது என்று குழுவின் செயலர் விளக்கினார். பேச்சு நடந்தபோது அங்கே தகுதி பெற்ற நபர் எவரும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

முதல் அமர்வில் தலைவர் வரவேற்புரை ஆற்றினார். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி.

“இந்த அவையின் அடித்தளம் மனித மாண்பு. நீதிமன்றத்தில் இருந்த காலத்தில் நான் ஒரு வழக்கைக்கூட அவசரமாக முடித்ததில்லை. என் வழக்குகளில் பல இன்றும் நடந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பெருமிதத்தோடு இங்கே அமர்ந்திருக்கிறேன். மனுதாரர் ஏன் தாமதமாக வந்தார்?”

“படி ஏற நேரமாயிடுச்சுங்க” என்றான் டிரைவர். அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“பதிவு செய்துகொள்ளுங்கள். தாமதம் மனுதாரர் தரப்பில்.”

மனுவைச் செயலர் வாசிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“ஐயா, ஒரு சிக்கல். நான்கு கருக்கள் தொட்டியில் ‘இருக்கின்றன’ என்று வாசித்தால் நாம் முன்கூட்டியே அஃறிணை என்று தீர்ப்பளித்ததாகிவிடும். நால்வர் ‘இருக்கின்றனர்’ என்றால் உயர்திணை. இரண்டுமே இன்றைய நிலையில் அபாயம்.”

தலைவரின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு சிக்கலுக்காகத்தான் அவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து காத்திருந்தார். நால்வரா, நான்கா என்ற விவாதம் மதிய உணவு வரை நடந்தது. உணவுக்குப் பின், தூங்காதவர்களிடையே தொடர்ந்தது. அடுத்த அமர்வுக்கு ஒரு தமிழ்ப் பேராசிரியரை வரவழைத்தார்கள். குழந்தை என்ற சொல்லுக்கு இரண்டு விதமான முடிவும் வரலாம், அழுதான் என்றும் சொல்லலாம், அழுதது என்றும் சொல்லலாம் என்று அவர் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தலைவர் கலங்கிப்போனார்.

“மொழியே முடிவெடுக்காத ஒன்றில் நாம் எப்படி முடிவெடுப்பது?”

டிரைவரின் மனைவி நாற்காலியிலிருந்து, “நான் ஒண்ணு சொல்லலாங்களா?” என்றாள். “வீட்டுல பச்சப் புள்ளையை, அது தூங்குது, அது அழுவுதுன்னுதானே சொல்றோம்? அதனால அது மேல பாசம் கம்மியாயிடுதா என்ன?”

“மனுதாரர் அஃறிணையை ஆதரிக்கிறார்” என்று செயலர் எழுதிக்கொண்டார்.

அப்போது மேசையின் கோடியிலிருந்து ஒருவர் தொண்டையைச் செருமினார். சமயங்களின் சார்பில் குழுவில் சேர்க்கப்பட்டிருந்த முதியவர் அவர். எல்லோரும் பெரியவர் என்றே அவரை அழைத்தார்கள். அவர் பேசினால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

“எனக்கு இலக்கணம் தெரியாதும்மா. அதுங்க உயிருன்னு நான் நம்பறேன். அதனால நீ கேக்கறதுக்கு எனக்குச் சம்மதமில்ல. தப்பா எடுத்துக்காத.”

“ஐயா, கருத்துச் சொல்லும் கட்டம் இன்னும் வரவில்லை” என்றார் தலைவர்.

“இல்லைங்க, விடுங்க” என்றாள் அவள். “இத்தனை பேருல இவர் ஒருத்தர்தான் என் முகத்தைப் பாத்துப் பதில் சொன்னாரு.”

திணை தீரும் வரை வினைமுற்றுகளை ஒத்திவைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. அதிலிருந்து குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள் ‘கரு தொட்டியில் இருக்கி’ என்று எழுதப்பட்டன. மற்ற நாடுகளில் இந்தச் சிக்கலை எப்படிக் கையாளுகிறார்கள் என்று அறிய, தலைவரும் செயலரும் மூன்று கடலோர நாடுகளுக்குப் போய் வந்தார்கள். அங்கெல்லாம் பேசப்படும் மொழிகளில் திணையே கிடையாது என்பதை நேரில் கண்டறிந்ததாக வண்ணப்படங்களோடு அறிக்கை வந்தது.

அடுத்த கட்டமாக, கருக்களின் தரப்பைப் பேச யாருமில்லை என்ற குறை உணரப்பட்டு, அவற்றுக்கு ஒரு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். மடிப்புக் கலையாத உடையும் உருக்கமான குரலும் உள்ளவர். கட்சிக்காரர்களைச் சந்தித்துப் பேச அவகாசம் கேட்டார். தந்தார்கள். மருத்துவமனைக்குப் போய்த் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னார். வழக்கறிஞரும் கட்சிக்காரரும் பேசுவது ரகசியம் என்பது தொழில் தர்மம்.

“என் கட்சிக்காரர்கள்” என்று அடுத்த அமர்வில் தழுதழுத்தார், “தற்சமயம் கருத்துக் கூற விரும்பவில்லை. ஆனால் குளிரைப் பற்றி அவர்களுக்கு மனக்குறை இருக்கிறது என்பதை அந்த அறைக்குள் என்னால் உணர முடிந்தது.”

“இவருக்குத்தான் சார் குளிரிச்சு” என்றாள் அவள். நாக்கு புரள ஆரம்பித்திருந்தது. அவள் பேசுவது பாதிப்பேருக்குப் புரியவில்லை, அதனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒப்புதல் விஷயத்தில் குழு மிகக் கறாராக இருந்தது. ஒருமுறை கொடுத்த ஒப்புதல் என்றென்றைக்கும் செல்லாது, மனித மனம் மாறக்கூடியது, எனவே ஒவ்வோர் அமர்விலும் மனுதாரர்கள் நேரில் வந்து ஒப்புதலைப் புதுப்பிக்க வேண்டும் என்று விதித்தார்கள். முதல் அமர்வில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பிறகு பேனா பிடிக்க வரவில்லை. கையெழுத்துப் பொருந்தவில்லை என்று செயலர் ஆட்சேபித்து, கட்டைவிரல் ரேகைக்கு மாற்றினார். பிறகு விரலைத் தூக்கி வைக்க டிரைவர் உதவ வேண்டியிருந்தது. உதவி என்பது வற்புறுத்தல் ஆகுமா என்று ஒரு பிற்பகல் போயிற்று. வாய்மொழியாகச் சொல்லட்டும் என்றார்கள். அதற்குள் அவள் குரல் தேய்ந்து, டிரைவருக்கு மட்டும் புரிகிற ஒரு முனகலாகிவிட்டது. ஊரின் பாதிப்பேரைத் தொலைபேசியில் சிரிக்க வைத்த குரல் அது.

அந்த நாட்களில் ஒரு முற்பகல் பெரியவர் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பை ஆரஞ்சு. குழு உறுப்பினர் மனுதாரரைத் தனியாகச் சந்திக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே என்றான் டிரைவர்.

“இருக்கும்ப்பா. எனக்கு மறந்துபோச்சு. வயசாச்சில்ல.”

அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவர் ஆரஞ்சை உரித்து, சாறு பிழிந்து, டிரைவர் காட்டிய மாதிரி சொட்டுச் சொட்டாக ஸ்பூனில் கொடுத்தார். கொஞ்சம் அவள் மோவாயில் வழிந்தது. துடைத்துவிட்டார்.

அவள் ஏதோ முனகினாள். டிரைவர் சொன்னான்: “நீங்க ஏன் எதிர்க்கறீங்கன்னு கேக்கறா.”

“யாருக்குப் பேச வாய் இல்லையோ அவங்க பக்கம் நிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்கம்மா. அவ்வளவுதான் என் நியாயம்.”

மறுபடி முனகல். டிரைவர் தயங்கினான். “சொல்லுப்பா” என்றார் பெரியவர்.

“எனக்கும்தான் இப்ப வாய் இல்லங்கறா.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். “தெரியும்மா. அதான் ராத்திரியில தூக்கம் வரல. வந்துட்டேன்.”

“ஓட்டு எடுத்தா எதிர்த்துதான் போடுவீங்களாங்கறா.”

“ஆமாம்மா. பொய் சொல்ல மாட்டேன். எதிர்த்துதான் போடுவேன்.”

இந்த முறை அவள் முனகியது கொஞ்சம் நீளமாக இருந்தது. டிரைவர் குனிந்து, வாயருகே காதை வைத்துக் கேட்டான்.

“போடுங்கன்னு சொல்றா. தோத்தாலும் சரியாம். ஓட்டுன்னு ஒண்ணு வரட்டும், யாராவது ஒரு பதில் சொல்லட்டும், அது போதுங்கறா.”

பெரியவர் அடுத்த அமர்வில் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

“தலைவரே, ஓட்டெடுங்க. நான் எதிர்த்துப் போடறேன். நான் தோத்தாலும் பரவாயில்ல. அந்தப் பொண்ணுக்கு ஒரு பதில் சொல்லுங்க.”

தலைவர் பொறுமையாகச் சிரித்தார். “ஐயா, உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனால் வாக்கெடுத்தால் முடிவு வந்துவிடும். முடிவு வந்துவிட்டால் அப்புறம் நெறிமுறையைப் பற்றி யார் பேசுவார்கள்? ஒரு சமுதாயத்தின் மனசாட்சி பேசிக்கொண்டே இருக்க வேண்டாமா? அவசரம் என்பது நோயாளிகளின் கண்ணோட்டம். நமக்கு ஒரு விரிந்த கண்ணோட்டம் தேவை.”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். ‘அவசரம் என்பது நோயாளிகளின் கண்ணோட்டம்’ என்ற வரியைக் குழுவின் ஆண்டு மலர் முகப்பில் போடுவது என்று அங்கேயே தீர்மானமானது.

கடைசியாக அவளை மேலே தூக்கிக்கொண்டு வந்தபோது நாற்காலி போதவில்லை. டிப்போவிலிருந்து இரண்டு கண்டக்டர்கள் லீவு போட்டு வந்து, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, திருப்பங்களில் செங்குத்தாகச் சாய்த்துத் தூக்கினார்கள். அவளால் இப்போது கண்ணை மட்டும்தான் அசைக்க முடியும்.

“அம்மா” என்றார் தலைவர், செவிடரிடம் பேசுவதுபோல உரக்க. “நீங்கள் இன்னும் சம்மதிக்கிறீர்கள் என்றால், ஒருமுறை கண்ணை மூடித் திறக்கவும்.”

அவள் மூடித் திறந்தாள்.

கருக்களின் வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். “ஆட்சேபிக்கிறேன். எல்லா மனிதர்களும் இமைக்கிறார்கள். இது சம்மதமா, இயற்கையா? இவர் உள்ளே வந்ததிலிருந்து நான் கவனிக்கிறேன், பலமுறை சம்மதித்துவிட்டார். அளவுக்கு மீறிய சம்மதம் சந்தேகத்துக்குரியது.”

இதில் நியாயம் இருப்பதாகத் தலைவருக்குப் பட்டது. கண் மருத்துவர் ஒருவரின் அறிக்கையைப் பெறலாம் என்றார். அதுவரை ஒரு தற்காலிக ஏற்பாடாக, சம்மதத்தைத் தெரிவிக்கும்போது தவிர மற்ற நேரத்தில் மனுதாரர் கண்ணை இமைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அவள் அதற்குக் கட்டுப்பட்டாள். இமைக்காமல் விழித்துக்கொண்டே இருந்தாள். மேலே மின்விசிறி சுற்றியது. உறுப்பினர்கள் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வெகுநேரம் கழித்து இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்க அவளால் முடியாது.

“ஐயா, நீர் வருகிறது” என்றார் செயலர். “அதை எந்தத் தலைப்பில் எழுதுவது?”

டிரைவர் எழுந்து போய் அவள் காதைத் துடைத்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

“வீட்டுக்குப் போலாம்னு சொல்றா” என்றான்.

“அது ஒப்புதலா, மறுப்பா?” என்றார் தலைவர்.

“வீட்டுக்குப் போலாம்னு சொல்றாங்க” என்றான் அவன் மறுபடி. கண்டக்டர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். பெரியவரும் எழுந்து, படியிறங்கும் வரை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் பிடித்ததால் எடை ஒன்றும் குறையவில்லை.

கண் மருத்துவரின் அறிக்கை வருவதற்கு முன்பே அவள் இறந்துவிட்டாள். டிரைவர் அப்போது அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் வாரி, சரியாக இருக்கிறதா என்று கேட்க முகத்தைப் பார்த்தான். சும்மா கேட்பதுதான், கண்ணாலே ஏதாவது கிண்டல் செய்வாள். அன்று செய்யவில்லை. அவன் வாரி முடித்துப் பின்னலையும் போட்டுவிட்டுத்தான் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டான்.

குழு இரங்கல் கூட்டம் நடத்தியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். “மறைந்த அம்மையார் இந்தக் குழுவின் சிந்தனை வளர்ச்சிக்கு ஆற்றிய பங்கு மகத்தானது” என்றார் தலைவர். “அவர் இல்லாவிட்டால் கண் இமை பற்றி நாம் யோசித்திருக்கவே மாட்டோம்.” கருக்களின் வழக்கறிஞர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, தன் கட்சிக்காரர்கள் தாயை இழந்திருக்கிறார்கள், அவர்களுக்குச் செய்தியைப் பக்குவமாகத் தெரிவிக்க அவகாசம் வேண்டும் என்று கேட்டார். தந்தார்கள்.

டிரைவர் அதற்குப் பிறகு சில மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் மருத்துவமனையில் இறங்கி, தொட்டி இருக்கும் அறையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். இடுப்பளவு உயரத்தில் ஓர் அலுமினியப் பீப்பாய். அவ்வளவுதான். அவள் துணிகளைக் கொடுத்தாகிவிட்டது. நாற்காலியை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். அவளுடையது என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருப்பது அந்தப் பீப்பாய்க்குள்தான் இருந்தது. இப்போது அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை. மனுவை அப்படியே விட்டுவிட்டால் குழு அவன் சாகும்வரை பேசிக்கொண்டிருக்கும், அவனும் எப்போது வேண்டுமானாலும் வந்து இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் குழுவின் மேல் அவனுக்கு நன்றி வந்தது. வந்த அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

ஆராய்ச்சி டாக்டர் வராந்தாவில் வந்தவர், அவனைப் பார்த்து நின்றார்.

“நீங்க வேணாம்னு சொன்னாலும் எனக்குப் புரியும்” என்றார். “நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

“ஏன் டாக்டர், வேற யாராவது வந்தாங்களா? அவளை மாதிரி?”

டாக்டர் சற்று யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். “போன வாரம் ஒரு பொண்ணு. டீச்சர். சாக்பீஸ் புடிக்க வரலையாம்.”

அவன் அடுத்த அமர்வுக்கே போனான். தனியாகப் படியேறுவதால் சீக்கிரமே வந்துவிட்டான். தலைவர் கேட்பதற்கு முன்பே எழுந்து நின்று சொன்னான்: “குடுத்துடறேங்க. அவளும் அதான் சொன்னா, நானும் அதான் சொல்றேன். கையெழுத்து எங்க போடணும்?”

இப்படி நேரடியாக யாராவது தயாராக வந்து நிற்பார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. நல்லவேளையாகச் செயலர் மருத்துவமனை விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, இதைத் தாங்கள் பார்க்க வேண்டும். உறைநிலையில் வைக்கப்பட்டவற்றுக்கு ஐந்தாண்டுதான் ஆயுள். அதற்குமேல் காலாவதி. மனுதாரருடையது போன மாதம் முடிந்துவிட்டது. காலாவதியானதை மருத்துவமனை கழிவாக அகற்றிவிடலாம். அதற்கு நம் அனுமதி தேவையில்லை.”

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. “கழிவு நம் வரம்புக்குள் வராது. மனித உயிரின் தொடக்கம் பற்றித்தான் நமக்கு அக்கறை. அப்படியானால் இந்தச் சிக்கல் நம் தலையீடு இல்லாமலே தீர்ந்துவிட்டது.”

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. “ஐயா, இருங்க. ஆராய்ச்சிக்குக் குடுக்கறதுக்குத்தான் இவ்வளவு நாளா யோசிச்சீங்க. குப்பையில போடறதுக்கு யோசிக்க வேணாமா?”

“குப்பை என்ற சொல்லை நீங்கள்தான் பயன்படுத்துகிறீர்கள். நாங்கள் அதை ‘மாண்புடன் அகற்றுதல்’ என்கிறோம்.”

“சரிங்க, அகத்துங்க. அகத்தறதை அந்த டாக்டர் எடுத்துக்கட்டும்.”

“எடுத்துக்கொண்டால் அது ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு எங்கள் அனுமதி தேவை. அந்த மனுவோ இப்போது காலாவதியான பொருளைப் பற்றியது என்பதால் தள்ளுபடியாகிறது. நாங்கள் மனிதக் கருவை ஒருபோதும் ஒரு பொருளாக நடத்த விட்டதில்லை என்று வரலாறு சொல்லும்.”

வழக்கறிஞர் தன் கட்சிக்காரர்களின் சார்பில் குழுவுக்கு நன்றி தெரிவித்தார். செயலர் உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தார். கழிவு எப்போதும் அஃறிணைதான் என்பதால், ‘அகற்றப்படுகின்றன’ என்று கடைசி எழுத்து வரை அவரால் எழுத முடிந்தது.

“நான் எதிர்க்கறேன்” என்றார் பெரியவர். வாக்கெடுப்பு இல்லாத விஷயத்தில் எதிர்ப்புக்கு இடமில்லை என்று சொல்லி, அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை, வெளியே போய்விட்டார்.

அகற்றும் நாளன்று டிரைவர் மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்குப் போனபோது, அறை வாசலில் பெஞ்சில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. கொஞ்ச தூரத்தில், திறந்திருந்த ஒரு கதவோரம் ஆராய்ச்சி டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“அதான் என் லேப்” என்றார், அந்தக் கதவைக் காட்டி. பிறகு உள்ளே போய்விட்டார்.

அறைக்குள் கையுறை போட்ட ஒரு சின்ன வயதுப் பெண், தொட்டியின் மூடியைத் திறந்தாள். வெண்புகை விளிம்பு வழியாகத் தரைக்கு வழிந்தது. நீளமான இடுக்கியால் எடுத்து ஒரு ஸ்டீல் தட்டில் வைத்தாள். பால்பாயிண்ட் ரீஃபிலைவிட மெலிதான நாலு குழாய்கள்.

“தொடலாமாம்மா?” என்றான் டிரைவர்.

“இப்பத் தொட்டா சுட்டுடும் சார். அவ்வளவு குளிர். கொஞ்சம் பொறுங்க.” அவளுக்கு இப்படி யாரும் வந்து நின்று பழக்கமில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தட்டையே பார்த்தாள்.

குழாய்களின் மேல் படிந்த வெள்ளை மெல்ல மறைந்தது. அவன் நாலையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டான். முதலில் சுருக்கென்றது. பிறகு குளிர் இறங்கியது. பிறகு கையின் சூடுதான் இருந்தது. உள்ளே ஏதாவது தெரியுமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஒரு சொட்டு நீர் போல இருந்தது, அவ்வளவுதான்.

“நான் எதிர்த்தது இதுக்கில்லப்பா” என்றார் பெரியவர்.

“தெரியும் ஐயா.”

“அந்த டாக்டர்கிட்டயாவது போயிருக்கலாம். நான் இப்படிச் சொல்ற நாளு வரும்னு நினைக்கல.” சற்று நின்று, “எனக்குத் தெரிஞ்ச மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லட்டுமா? உனக்கு ஆட்சேபம் இல்லன்னா.”

“சொல்லுங்க. அவ இருந்திருந்தா கிண்டல் பண்ணியிருப்பா. ஆனா உங்களைச் சொல்ல விட்டிருப்பா.”

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் ஏதோ சொன்னார். ரொம்ப நீளமாக இல்லை. சுவரில் எக்ஸாஸ்ட் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் என்ன செய்வதென்று தெரியாமல் கையுறையைக் கழற்றிவிட்டு நின்றாள்.

முடிந்தபின் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “சார்... அடுத்தவங்களோடது எடுக்கணும். இன்னிக்கு நிறைய இருக்கு.”

“நானே போட்டுடறேம்மா.”

அவள் மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையின் வாயை விரித்துப் பிடித்தாள். அவன் கையை உள்ளே விட்டு, அடிவரை கொண்டுபோய், சத்தம் வராமல் வைத்தான். கையை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வெளியே வந்தார்கள். தெருவுக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் பெரியவர் நின்றுவிட்டார். அவருக்கு முட்டி மடங்கவில்லை. டிரைவரின் வலது உள்ளங்கையில் குழாய்களில் உருகிய ஈரம் இன்னும் இருந்தது. அவன் அதை விரித்தபடியே வைத்துக்கொண்டு, இடது கையை அவருக்குக் கொடுத்தான்.